சுமோ டிக்கெட்: பெட்டியா, நாற்காலியா, அல்லது அப்பாவை வீட்டிலேயே வைத்துக்கொள்வதா?

கேள்வி: உப்பளத்து மகள், நிஷி கசாய், டோக்கியோ

எல்லோருக்கும் வணக்கம். தூத்துக்குடியிலிருந்து அப்பாவும் அம்மாவும் மூன்று மாத விசாவில் வருகிறார்கள். அப்பாவுக்கு டோக்கியோவில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதானாம். கோபுரம் வேண்டாம், புத்தர் கோயில் வேண்டாம், ஃபுஜி மலையைக் காலண்டரில் பார்த்தாயிற்று. "அந்தக் கனத்த மனிதர்கள் முட்டிக்கொள்வதை மட்டும் நேரில் காட்டிவிடு, போதும்" என்கிறார். செப்டம்பரில் ரியோகோகு கொகுகிகான் அரங்கில் 15 நாள் சுமோ மல்யுத்தப் போட்டி நடக்கிறது, அவர்களும் அப்போது இங்கே இருப்பார்கள். ஆகவே கேட்டதை மறுக்க வழியில்லை.

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் என் சங்கடம் புரியும். உப்பளத்தில் 31 ஆண்டு கணக்கப்பிள்ளையாக இருந்தவர். ஓய்வு பெற்றபின் உப்பு போய்விட்டது, கணக்கு போகவில்லை. நீள நோட்டு ஒன்று எப்போதும் கூடவே வரும். சென்ற முறை வந்தபோது ஒரு பெரிய கடையின் பழப்பிரிவில், மரப்பெட்டியில் படுத்திருந்த ஒற்றை முலாம்பழத்தின் விலைச்சீட்டைப் பார்த்து, மனதுக்குள் ரூபாயாக்கி, மௌன அஞ்சலி செலுத்துவதுபோல் ஒரு நிமிடம் கைகட்டி நின்றார். பிறகு நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். வாங்கவில்லை. வாங்காததையும் எழுதுவார்.

இப்போது டிக்கெட் விலையைப் பார்க்கிறேன், எனக்கே கை கட்டத் தோன்றுகிறது. நால்வர் உட்காரும் பெட்டி இடம் என்றால், எந்த வரிசை என்பதைப் பொறுத்துத் தலைக்கு 10,000 யென்னைச் சுற்றியும் அதற்கு மேலும் போகிறது. ஒரு யென்னை 60 பைசா என்று வைத்துக்கொண்டால் அப்பா என்ன சொல்வார் என்பதை நான் இங்கே எழுதத் தேவையில்லை. என் கணவர், "மாமாவுக்காகப் பெட்டியே எடுக்கலாம், கௌரவமாக இருக்கும்" என்கிறார். மாமனாரிடம் நல்ல பெயர் எடுக்கும் செலவை என் சம்பளத்திலிருந்து செய்ய நினைக்கும் மனிதர்.

அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு ஆண்டு ஆகிறது. தரையில் உட்காரக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பயம். ஒரு சண்டை ஐந்து நொடி, பத்து நொடியில் முடிந்துவிடுகிறதே! அப்பா கைக்கடிகாரத்தில் நொடி முள் உண்டு. போய் வந்தவர்கள் சொல்லுங்கள், இவ்வளவு கொடுத்துப் பார்க்கத் தகுமா?

பதில் 1: ரியோகோகு பழையவர்

சகோதரிக்கு. டோக்கியோவில் எனக்கு இது 22ஆவது ஆண்டு. கொகுகிகானுக்கு எத்தனை முறை போயிருக்கிறேன் என்பதை என் மனைவி இந்தப் பக்கத்தைப் படிப்பதால் எழுதவில்லை.

பெட்டி வேண்டாம். பெட்டி என்பது நான்கு பக்கமும் இரும்புக் குழாயால் அடைத்த ஒரு சின்னச் சதுரம். ஒரு பக்கம் 1.3 மீட்டர் இருந்தால் அதிகம். அதில் நான்கு மெத்தை, நான்கு மனிதர், நான்கு பேரின் செருப்பு, தின்பண்டப் பை. நான் ஒருமுறை அலுவலக நண்பர்களோடு அதில் அமர்ந்தேன். மாலை 6 மணிக்கு எழுந்தபோது, மரத்துப்போன அந்த வலது கால் என்னுடையதா, பக்கத்தில் இருந்த தணிக்கையாளருடையதா என்று கிள்ளிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. அம்மாவுக்குப் பெட்டி அறவே ஆகாது.

களத்தை ஒட்டித் தரையில் மெத்தை இடங்கள் உண்டு. அங்கே தின்னக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, விலையும் பயங்கரம். 150 கிலோ மனிதர் மடியில் வந்து விழுவது டிக்கெட்டில் அடக்கம்.

மாடி நாற்காலிதான் உங்களுக்கு. சில ஆயிரம் யென்னில் முடியும். அரங்கு வட்டமாக இறங்குவதால் கடைசி வரிசையிலிருந்தும் களம் தெரியும். போட்டி தொடங்க ஏறத்தாழ ஒரு மாதம் இருக்கும்போது விற்பனை திறக்கும். சனி ஞாயிறு உடனே தீர்ந்துவிடும். வாரநாள் பாருங்கள்.

அப்பாவின் நொடி முள்ளைப் பற்றி ஒன்று. சண்டை ஐந்து நொடிதான். ஆனால் பெரிய வீரர்கள் மோதும் முதல் பிரிவில் அதற்கு முன் 4 நிமிடம் அனுமதி உண்டு. உப்பை எறிவார்கள், காலைத் தூக்கி மிதிப்பார்கள், குந்துவார்கள், முறைப்பார்கள், திடீரென்று எழுந்துபோய்த் துண்டால் முகம் துடைப்பார்கள், மறுபடி உப்பு. அதுதான் ஆட்டம். தாலி கட்டுவது மூன்று முடிச்சு. அதற்காக யாரும் கல்யாண மண்டப வாடகையை நொடிக்கணக்கில் வகுப்பதில்லை. அப்பாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்று. டிக்கெட் நாள் முழுதுக்குமானது. காலை எட்டரை சுமாருக்குக் கடைநிலை வீரர்களின் சண்டை தொடங்கிவிடும். எல்லோரும் பிற்பகல் மூன்றரைக்குமேல் முதல் பிரிவைப் பார்க்க வருவார்கள். கணக்கப்பிள்ளைகள் காலையிலேயே வர வேண்டும்.

பதில் 2: சிங்கப்பூர் சிப்பாய்

ஐந்து நொடி என்று கவலைப்படுகிறீர்கள். நான் மணிக்கணக்கில் ஒன்றுமே நடக்காத ஆட்டத்துக்குக் காசு கொடுத்தவன்.

2024இல் குகேஷும் டிங் லிரனும் உலகச் சதுரங்கப் பட்டத்துக்கு இங்கே செந்தோசாவில் மோதினார்களே, அதற்குப் போனேன். வாரநாளில் விடுப்பு கிடைக்காது என்று டிசம்பர் 7, சனிக்கிழமை, பத்தாவது ஆட்டத்துக்கு டிக்கெட் எடுத்தேன். கைப்பேசியை வெளியே வைத்துவிட்டுப் போக வேண்டும். உள்ளே ஒலி புகாத கண்ணாடி அறை. நாம் அவர்களைப் பார்க்கலாம், அவர்களுக்கு நாம் தெரிய மாட்டோம். மீன்தொட்டி முன் நிற்பதுபோல் இருந்தது. மீன் கொஞ்சம் கூடுதலாக அசையும். பக்கத்தில் இருந்தவர் கொட்டாவி விட்டார், எனக்கும் ஒட்டிக்கொண்டது. ஆட்டம் டிரா.

மறுநாள் ஞாயிறு, "நேற்றுத்தான் போனீர்களே" என்று வீட்டில் சொன்னதால் பிரியாணிக்குக் கறி வாங்கப் போனேன். அன்றைக்குத்தான் குகேஷ் ஜெயித்தார். நான்காவது ஆட்டத்திலிருந்து பத்தாவது வரை வரிசையாக ஏழு டிரா. நான் போனது அந்த ஏழில் கடைசி.

பதில் 3: மார்த்தாண்டத்துக்காரன்

எங்களுக்குப் பக்கத்தில் ஆலப்புழைதான். ஆகஸ்டில் புன்னமடைக் காயலில் நேரு கோப்பைப் படகுப் போட்டி பார்க்க வருடாவருடம் போவோம். 2024இல் வயநாட்டு நிலச்சரிவால் போட்டியைச் செப்டம்பர் கடைசிக்குத் தள்ளி வைத்தார்கள். அந்த ஆண்டு கொஞ்சம் பெரிய மனது பண்ணி விலை கூடிய டிக்கெட்டாக எடுத்தேன். மச்சானையும் அழைத்துப்போனேன்.

இடம் எப்படி என்றால், முன்னால் ஒரு மூங்கில் தூண். தூணுக்கு இந்தப் பக்கம் பாதிக் காயல், அந்தப் பக்கம் மீதிக் காயல். நூறடிக்கும் மேல் நீளமான சுண்டன் வள்ளம் தூணின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளிவருவதைப் பார்த்தோம். நூற்றுக்கும் அதிகமான துடுப்புகள் ஒரே தாளத்தில் தண்ணீரில் விழும் சத்தம் நெஞ்சுக்குள் கேட்கும், அதில் குறை சொல்ல மாட்டேன். இறுதிப் போட்டி நாலரை நிமிடம்கூட இல்லை. காரிச்சால் வள்ளம் ஜெயித்தது. எவ்வளவு வித்தியாசத்தில் தெரியுமா? ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஐந்து பங்கு. கரையில் இருந்த ஒருவருக்கும் யார் ஜெயித்தார்கள் என்று தெரியவில்லை. முன் வரிசையில் பெரும்பணம் கொடுத்து உட்கார்ந்தவரும், தென்னை மரத்தில் ஏறி இருந்த இலவசப் பையனும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

மச்சான் இன்றுவரை அந்தத் தூணைப் பற்றிப் பேசுகிறார். ஆகவே சகோதரி, டிக்கெட் எடுக்குமுன் முன்னால் தூண் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

பதில் 4: க்ளோஸ்டர் மருமகள்

அக்கா, நான் இங்கிலாந்தில் இருக்கிறேன். இலவச விளையாட்டின் செலவைப் பற்றி நான் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் கூப்பர்ஸ் குன்று என்று ஒன்று. மே மாதக் கடைசித் திங்கள்கிழமை, மேலிருந்து வட்டமான பாலாடைக்கட்டி ஒன்றை உருட்டிவிடுவார்கள். அதன் பின்னால் இளைஞர்கள் ஓடுவார்கள். ஓடுவார்கள் என்று சொல்வது மரியாதைக்கு. குன்று ஏறத்தாழச் சுவர்போல இருப்பதால் இரண்டாவது அடியிலிருந்து உருளுவார்கள். கீழே முதலில் வந்து சேருகிறவருக்கு அந்தக் கட்டியே பரிசு. மூன்று நான்கு கிலோ இருக்கும்.

பார்க்கக் காசில்லை என்று நாங்களும் கிளம்பினோம். வயலில் வண்டி நிறுத்தக் காசு. சேற்றில் செருப்பு போனதால் புதுச் செருப்பு. குழந்தைக்கு ஐஸ்கிரீம். மாமியார் முள்வேலியில் சேலை கிழித்துக்கொண்டார், அது காஞ்சிபுரம். யார் இந்தக் குன்றுக்குக் காஞ்சிபுரம் கட்டி வருவார்கள் என்று கேட்காதீர்கள், நானும் அன்று கேட்கவில்லை, அதனால்தான் இன்றும் குடும்பமாக இருக்கிறோம். கூட்டத்துக்குப் பின்னால் நின்ற எங்களுக்கு உருண்ட கட்டி தெரியவில்லை. ஒரு ஜோடிக் கால்கள் ஆகாயத்தில் வந்து மறைந்தது தெரிந்தது.

பதில் 5: சும்மா இருப்பவன்

என்.எச்.கே. தொலைக்காட்சியில் 15 நாளும் நேரடியாகக் காட்டுகிறார்கள். எதற்கு இந்த அலைச்சல்? அப்படி வெளியே போய்த்தான் ஆக வேண்டும் என்றால் ஜனவரி 2, 3 தேதிகளில் ஹக்கோனே எக்கிதென் தொடர் ஓட்டம் இருக்கிறது. 1920இலிருந்து நடக்கிறது. பல்கலைக்கழகத்துக்குப் பத்துப் பேர், டோக்கியோ ஓதெமாச்சியிலிருந்து ஹக்கோனே மலைக்குப் போய்த் திரும்ப 217 கிலோமீட்டர். தெருவோரம் நின்று பார்க்கலாம், ஒரு யென் கிடையாது. காகிதக் கொடிகூட இலவசமாகக் கொடுப்பார்கள். நான் ஒருமுறை குளிரில் ஒரு மணி நேரம் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓடுகிறவர்கள் வந்த சமயம் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

உப்பளத்து மகள் (போய் வந்தபின்)

எல்லோருக்கும் நன்றி. போய் வந்துவிட்டோம். மாடி நாற்காலி, வாரநாள், நால்வருக்கும் சேர்த்து 22,000 யென். அப்பா நோட்டில் 13,200 ரூபாய் என்று முதல் வரி எழுதிக் கீழே கோடு போட்டார்.

பழையவர் ஐயா, உங்கள் தாலி உவமையைச் சொன்னேன். "மண்டப வாடகையை நான் வகுத்திருக்கிறேன், உன் கல்யாணத்துக்கே வகுத்தேன்" என்று பதில் வந்தது. மேற்கொண்டு கேட்கவில்லை.

நாள் முழுதுக்கும் டிக்கெட் என்று தெரிந்ததும் அப்பா காலை ஆறரைக்கே சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அரங்கில் ஆளே இல்லை. பதினோராயிரம் பேர் கொள்ளும் இடத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருபது முப்பது தலைகள். அந்த வெறுமையில் இரண்டு உடம்புகள் மோதும் சத்தம் தொலைக்காட்சியில் கேட்பதுபோல் இல்லை. ஈர மூட்டையை லாரியிலிருந்து சிமெண்ட் தரையில் போட்டால் ஒரு சத்தம் வருமே, அது. அப்பாவுக்குத் தெரிந்த சத்தம். முதல் மோதலிலேயே முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துவிட்டார்.

காலையில் வருகிறவர்கள் பையன்கள். பதினாறு, பதினேழு வயது இருக்கும். சிலருக்கு உடம்பே போடவில்லை, இடுப்பில் கறுப்புப் பருத்திக் கச்சையோடு, எங்கள் தெருவில் கபடி விளையாட வந்தவர்கள்போல் நின்றார்கள். வந்தார்கள், குனிந்தார்கள், மோதினார்கள், ஒருவர் விழுந்தார், வணங்கிவிட்டுப் போனார்கள். அடுத்த ஜோடி. அப்பா ஒவ்வொன்றுக்கும் நொடி எழுதிக்கொண்டே வந்தார்: 4, 11, 3, 27, 6. இடையில் என்னைப் பார்த்து, "என்னம்மா, உப்பைக் காணோமே?" என்றார்.

உண்மைதான். தொலைக்காட்சியில் கை நிறைய அள்ளி வீசுகிறார்களே, காலையிலிருந்து ஒரு பையன்கூட உப்பைத் தொடவில்லை. அப்பாவுக்கு இது பெரிய ஏமாற்றம். இவ்வளவு தூரம் வந்ததே அதற்காகத்தானோ என்று எனக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது.

எங்களுக்குப் பின்வரிசையில் ஒரு பெரியவர். அட்டவணைத் தாளில் ஒவ்வொரு முடிவையும் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தார். அப்பாவின் நோட்டையும் அவருடைய தாளையும் பார்த்த அம்மா, "ஊருக்கு ஒருவர் இருப்பார்கள் போல" என்றார். என் கணவர் அவரிடம் உப்பைப் பற்றிக் கேட்டார். பெரியவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு விளக்கினார். வீரர்கள் ஏறத்தாழ 600 பேர். அதில் மேல் இரண்டு பிரிவில் இருக்கும் 70 பேருக்குத்தான் மாதச் சம்பளம். இரண்டாம் பிரிவுக்கு ஏறிவிட்டாலே மாதம் 11 லட்சம் யென். அதற்குக் கீழே இருப்பவருக்குச் சோறு உண்டு, தங்க இடம் உண்டு, சம்பளம் கிடையாது. உப்பு எறிவதும் அந்த மேல் 70 பேர்தான். கீழே உள்ள பையன்களுக்கு அதற்கு நேரமும் கொடுப்பதில்லை.

கணவர் தமிழில் சொல்லி முடித்ததும் அப்பா நோட்டை மூடினார். "சம்பளக்காரனுக்குத்தான் உப்பா?" என்று திருப்பிக் கேட்டார். பிறகு, "சம்பளம் என்ற சொல்லே அதுதானே. சம்பா நெல்லும் அளத்து உப்பும் கூலியாகக் கொடுத்ததால் வந்த பெயர் என்று எங்கள் தமிழ் வாத்தியார் சொல்வார். மாப்பிள்ளை, இதை அவருக்குச் சொல்லுங்கள்" என்றார்.

என் கணவரின் ஜப்பானிய மொழி அலுவலகக் கூட்டத்துக்குப் போதுமானது, சொல்லாராய்ச்சிக்குப் போதாது. நெல், உப்பு, கூலி, தமிழ் என்று கையை ஆட்டி ஏதோ சொன்னார். பெரியவர் "ஹோஓஓ" என்று நீளமாக இழுத்தார். தன் தாளின் ஓரத்தில் எதையோ எழுதிக்கொண்டார். அப்பாவும் நோட்டைத் திறந்து எதையோ எழுதினார். இரண்டு கணக்கப்பிள்ளைகளும் ஒருவரையொருவர் பார்த்துத் தலை குனிந்தார்கள்.

மதியம் அடித்தளத்தில் சாங்கோ என்கிற வீரர்களின் குழம்பு ஒரு கிண்ணம், விலை சில நூறு யென். அப்பா விலையைக் கேட்டுவிட்டு எதிர்ப்பே சொல்லவில்லை. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்பு கம்மி" என்றார்.

இரண்டாம் பிரிவு வந்ததும் முதல் கைப்பிடி உப்பு மேலே பறந்தது. பட்டுக் கச்சை, எண்ணெய் பூசி வாரிய கொண்டை, கையில் உப்பு. சிலர் கோலப்பொடி எடுப்பதுபோல் இரண்டு விரலால் எடுத்துத் தூவினார்கள். ஒருவர் விளக்குவரை போகும்படி கை கொள்ளாமல் அள்ளி வீசினார், அரங்கே ஓவென்றது. அப்பா என் கணவரின் தொலைநோக்கியை வாங்கிக் கண்ணில் வைத்தவர் இறக்கவேயில்லை. அவர் பார்த்தது வீரரை அல்ல, மூலையில் இருந்த உப்புக் கூடையை. "கல்லுப்புதான். பொடி இல்லை. நல்ல வெள்ளை" என்று தீர்ப்புச் சொன்னார். ஒரு நாளைக்கு 45 கிலோ ஆகும் என்று பெரியவர் சொன்னதும், "ஒரு மூட்டைகூட இல்லையே, இதற்கா இத்தனை விலை" என்று முனகினார்.

அந்தக் களத்தில் பெண்கள் கால் வைக்கக் கூடாது என்பது விதி. இதைச் சொன்னபோது அம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தார். "பெண்கள் கால் வைக்காத உப்பளம் நம் ஊரில் ஏது? எங்கள் அக்காள் கால் வெடித்ததெல்லாம் எந்தக் களத்தில்?" என்றார். அதற்கு யாரிடமும் பதில் இல்லை. பின்னாலிருந்த பெரியவருக்கு இதை மொழிபெயர்க்க வேண்டாம் என்று கணவர் முடிவு செய்துவிட்டார். நான் செய்திருப்பேன்.

முதல் பிரிவில் இன்னொரு காட்சி. பெரிய வீரர்களின் சண்டைக்கு முன் விளம்பரக் கொடிகளைக் களத்தைச் சுற்றி ஊர்வலமாகக் கொண்டுபோகிறார்கள். ஒரு கொடிக்கு நிறுவனம் கட்டுவது 70,000 யென். அதில் 30,000 ஜெயித்தவருக்கு. இன்னொரு 30,000 அவர் பெயரில் சேமிப்பு. "பிஎஃப் பிடித்தமா? நல்ல ஏற்பாடு" என்றார் அப்பா. ஒரு சண்டைக்கு இருபது கொடி எண்ணினோம். நான்கு நொடியில் ஒருவர் வெளியே போய் விழுந்தார். ஜெயித்தவர் குந்தி உட்கார்ந்து, நடுவர் விசிறியில் வைத்து நீட்டிய உறைக்கட்டை, காற்றில் மூன்று வெட்டு வெட்டிவிட்டு வாங்கிக்கொண்டார். "மொய்க் கவர்" என்றார் அம்மா. சேமிப்பு போக அவர் பங்கு மட்டும் 6 லட்சம் யென், நம் பணத்தில் 3,60,000 ரூபாய், நொடிக்கு 90,000. அப்பா இதை இரண்டு முறை வகுத்துப் பார்த்தார்.

யோகோசுனா என்கிற உச்சநிலை வீரர் கீழ்நிலை வீரரிடம் தோற்றால், கூடாது என்று அறிவித்தாலும் கேட்காமல், பெட்டிக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் மெத்தையைக் களத்தை நோக்கி எறிவார்களாம். அதற்காகக் கடைசிவரை காத்திருந்தோம். அன்றைக்கு அவர் ஜெயித்துத் தொலைத்தார். தோற்றிருந்தாலும் மாடி நாற்காலிக்கு எறிய ஒன்றும் கிடையாது என்பதை அப்பா குறித்துக்கொண்டார். பெட்டிக்காரர் கொடுக்கும் கூடுதல் விலை எதற்கு என்பது அப்போதுதான் விளங்கியதாம்.

கணக்கு இதோ, நோட்டில் உள்ளபடி. முதல் பிரிவின் சண்டை மொத்தம் 2 நிமிடம் 51 நொடி. அதை மட்டும் பார்த்திருந்தால் நால்வருக்கும் சேர்த்து நொடிக்கு 77 ரூபாய். காலையிலிருந்து எல்லாவற்றையும் கூட்டினால் 1,520 நொடி, நொடிக்கு 8 ரூபாய் 68 பைசா. "காலையில் வந்ததால் மிச்சம்" என்று சிவப்பு மையில் ஒரு குறிப்பு. சாங்கோ குடிக்கக் கீழே போன நாற்பது நிமிடத்தில் நடந்த சண்டைகள் இதில் சேரவில்லை என்று அடிக்குறிப்பு வேறு.

திரும்பும்போது ரியோகோகு ரயில் நிலைய நடைமேடையில் கூட்டம். பெட்டிக்குள் ஏறினால், கதவோரம் ஒரு சுமோ பையன். யுகாத்தா என்கிற பருத்தி அங்கி, மரக்கட்டைச் செருப்பு, கையில் ஒரு பெரிய மூட்டை, யாரோ மூத்த வீரரின் துணியாக இருக்கும். காலையில் பார்த்தவர்களில் ஒருவனா என்று தெரியவில்லை. கொண்டை எண்ணெயின் இனிப்பு மணம் பெட்டி முழுதும். உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தான்.

அப்பா என்னிடம், "இவன் உப்பில்லாதவனா?" என்று கேட்டார். யுகாத்தாவையும் செருப்பையும் பார்த்தால் அப்படித்தான் என்றேன். அப்பா தோள்பைக்குள் கைவிட்டுத் துழாவினார். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்ப் பொட்டலம் ஒன்றை எடுத்து அவன் முன் நீட்டி, "சாப்பிடு தம்பி" என்றார், தமிழில். பையன் பயந்துவிட்டான். மூட்டையைக் காலிடுக்கில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் வாங்கி, இடுப்பு வளைந்து வணங்கினான். அவன் வளைந்ததில் பின்னால் நின்ற இருவர் நகர வேண்டியதாயிற்று.

இரவு நோட்டை எட்டிப் பார்த்தேன். ரயில் கட்டணத்துக்குக் கீழே, "கடலைமிட்டாய் (மல்யுத்தம்): 1" என்று இருந்தது. விலைக்கான கட்டத்தில் எதுவும் எழுதவில்லை. 31 ஆண்டில் அப்பா ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு நான் பார்த்ததில்லை.

ரியோகோகு பழையவர்

அப்பாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். பின்வரிசைப் பெரியவர் காதில் பென்சில் வைத்திருந்தார் என்கிறீர்களே, மஞ்சள் பென்சிலா? எனக்கு அவரைத் தெரியும் என்று நினைக்கிறேன். ஒரு போட்டியும் விடமாட்டார். நவம்பர் போட்டி ஃபுகுவோக்காவில். அங்கே மெத்தைகளை ஒன்றோடொன்று கோத்துவைத்திருப்பார்கள், எறிய முடியாது. ஆனால் பக்கத்திலேயே கடல்.

உப்பளத்து மகள்

ஐயா, மஞ்சள்தான். உங்கள் பதிலை அப்பாவுக்குப் படித்துக் காட்டியது என் தப்பு. கடல் என்றதும் நிமிர்ந்தார். நவம்பர் கடைசிவரை விசா இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, இப்போது ஃபுகுவோக்காவுக்கு ஷிங்கான்சென் அதிவேக ரயில் கட்டணம் எவ்வளவு என்று கேட்கிறார். ஒருவழிக்கே தலைக்கு 20,000 யென்னுக்குமேல். நான் இன்னும் சொல்லவில்லை. நோட்டோடு கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்.